ஆடு தின்ற தாளுக்கு மெமோ வாங்கியவர்

சென்ற வாரம் பழைய பியூன் ரத்தினம் தொலைபேசியில் அழைத்தார். “சார், நம்ம டைப்பிஸ்ட் செண்பகம்மா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில எடுக்குறாங்க, வந்துடுங்க.” மூட்டுவலி என்று சொல்லிவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

காரைக்காலில் எங்களோடு பாசன அலுவலகத்தில் இருந்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும், நகலெடுக்க அடித்த ஸ்டென்சில் தாளையே கிழித்துப் போடுகிற பிடிவாதக்காரர்.

எண்பதுகளில் ஒரு வருடம் தண்ணீர்ப் பற்றாக்குறை. ஊருக்கு ஊர் முறை வைத்துத்தான் வாய்க்காலில் விட்டோம். ஒவ்வொரு ஊருக்கும் தனி நோட்டீஸ். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேதி அட்டவணை. அட்டவணையை நெடுங்காட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம், ஊர் நோட்டீஸில் ‘பலகையில் காண்க’ என்று அடித்தால் போதும் என்றேன். தேதி மாறினால் ஒரே தாளை மாற்றினால் தீர்ந்தது. தலைமை எழுத்தர் என்ற மிதப்பு வேறு.

“படிக்கிறவங்க தலையில ஏன் சார் வேலையக் கட்டுறீங்க? இங்கேயே சேத்து அனுப்பிடுவோமே” என்றார் செண்பகம்மா.

“சொன்னதைச் செய்ங்கம்மா” என்றேன்.

மைதாப் பசைக்காக ஒரு ஆடு பலகையில் ஒட்டிய அட்டவணைத் தாளையே தின்றுவிட்டது. குரும்பகரம் ஊர்க்காரர்கள் வெறும் பலகையைப் பார்த்துத் திரும்பினார்கள். முறை தவறி, நாற்றங்கால் காய்ந்தது. “தேதியில்லாத நோட்டீச வச்சு நாங்க என்னங்க பண்றது?” என்று அலுவலகத்தில் வந்து நின்றார்கள்.

அதிகாரி நோட்டீஸைப் புரட்டினார். அடியில் தட்டச்சு செய்தவரின் இனிஷியல். “தேதிய விட்டது யாரு?” என்றார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மெமோ செண்பகம்மாவுக்குப் போனது. வெளியே வந்ததும், “நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார். மறுநாள் வழக்கம்போல வணக்கம் வைத்தார்.

போன மாதம் என் மகள், இணையப் பக்கங்கள் செய்கிறவள், கேட்டாள்: “எல்லாப் பக்கத்துக்கும் பொதுவா வர்ற பகுதிய சர்வர்லயே சேத்து அனுப்பறதா, இல்ல பாக்கறவங்க பிரவுசரே எடுத்துச் சேத்துக்கட்டும்னு விட்டுடறதாப்பா?”

“படிக்கிறவங்க தலையில வேலையக் கட்டாதே. அனுப்புற எடத்துலயே சேத்துடு” என்றேன். எப்படி உடனே சொன்னீர்கள் என்று வியந்தாள். அனுபவம் என்றேன். செண்பகம்மாவின் பேரைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

அவர் ஓய்வுபெற்ற அன்று பாராட்டிப் பேசியவனும் நான்தான். “பிழையே செய்யாதவர், ஒரே ஒரு தடவை தவிர” என்றேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அந்தப் பிழை என்னுடையது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்புதான்.