மாஸ்க்குக்குள் ஓதிய ஸலவாத்

சண்டை முடிந்து சில வருடங்கள் போயிருக்கும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் கரைத்தீவில் குடியிருக்கும் எங்களைத் தேடி தமிழ் தெரிந்த ஒரு சிங்கள லேடி டொக்டர் வந்தார். உடம்பில், நாங்கள் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயு கூடினால் மூளைக்குப் போகும் இரத்தமும் கூடுமாம். அது இனத்துக்கு இனம் வித்தியாசப்படுமா என்று ஆராய்கிறாராம். பாரிசவாத வைத்தியத்துக்கு ஒருநாள் உதவும் என்றதும் நான் உடனே பெயர் கொடுத்தேன். என் கணவர் அந்த நோயில்தான் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார்.

பாலர் பாடசாலைக் கட்டடத்தில் சோதனை. படுக்க வைத்து, முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கி, காதுக்கு முன்னால் இரத்த ஓட்டம் அளக்கும் ஒரு கருவியை வைத்து, மாஸ்க் போட்டு, அந்த வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க விடுவார்கள். ஆபத்தில்லை, கதைக்காமல் சாதாரணமாக மூச்சு விடுங்கள், முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள் என்றார் டொக்டர். சொல்வது லேசு. காற்று உள்ளே போகப் போக நெஞ்சு படபடவென்று அடித்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சுப் போதவில்லை. எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

எனக்கு முன்னால் போய் வந்த பக்கத்து வீட்டு ராத்தா, மனதுக்குள் நபியவர்கள் மேல் ஸலவாத் ஓதினால் பயம் தெரியாது என்று வாசலிலேயே எல்லாருக்கும் சொல்லியிருந்தார். நானும் ஓதினேன். மனதுக்குள் என்றாலும் எங்களுக்கு உதடு சும்மா இருக்காதே. மூச்சும் ஓதலின் பின்னாலேயே போனது.

எல்லாரும் முடிந்தபின் டொக்டர் திரையில் கோடுகளைப் பார்த்தபடி உதவியாளரிடம் சிங்களத்தில் கதைத்தது எனக்கு விளங்கியது. முன்பு சோதித்த சிலாபத்துச் சிங்களப் பெண்களுக்கு இப்படி வரவில்லை, இவர்களுக்கு வேறு மாதிரித்தான் என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் வேறு மாதிரி என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காது இது. அதைவிட, எங்கள் ஓதலால் வந்த பிழையான கணக்கை நம்பி என் கணவர் மாதிரி ஒருவருக்கு நாளைக்கு மருந்து கொடுத்தால்? ஓதியதைச் சொன்னால் திரும்பவும் அந்த மாஸ்க். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். செருப்பைப் போட்டேன், கழற்றினேன், திரும்பவும் போட்டேன். கடைசியில் உள்ளே போனேன்.

"டொக்டர், நாங்க எல்லாரும் பயத்துல உள்ளுக்க ஓதிக்கொண்டு கிடந்தம். அதால மூச்சு மாறியிருக்குமா?"

அவர் திரையை விட்டுத் திரும்பினார். பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார்.

"பயமா எண்டு உங்கள்ல ஒருத்தரையும் நான் கேக்கல்ல அக்கா. அது என்ட பிழை."

இரண்டாம் தரம் ஓதாமல் படுத்தேன். பயத்தோடு தனியே கிடப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணீர் காதுக்குள் வடிந்தது. ஆனாலும் கையைத் தூக்கவில்லை. கோடு முன்பு போல் இல்லை என்று மட்டும் டொக்டர் சொன்னார். மற்றப் பெண்களையும் திரும்பக் கூப்பிட்டார்.

எங்கள் இரத்தம் வேறு மாதிரியா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யாராவது ஒரு கூட்டத்தைக் காட்டி 'அந்த ஆக்கள் அப்படித்தான்' என்று சொல்லும்போதெல்லாம், அந்த நேரம் அவர்கள் எதற்குப் பயந்துகொண்டிருந்தார்களோ என்றுதான் என் மனம் தேடுகிறது.