ரெஜினா அக்காவின் இரண்டு விரல் பி செவன்

போன செவ்வாய்க்கிழமை மலைமேல் வெள்ளக்கடை ஊரில் என் பட்டறையில் ஒரு பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில் போன் வந்தது. கொட்டச்சேட்டு எஸ்டேட்டின் ஜீப் டிரைவர் பேசினார். "அண்ணே, ரெஜினாக்கா நம்மள விட்டுப் போயிட்டாங்க. ஆபீஸ்ல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. சேலத்துக்குக் கொண்டு போனோம், அடிவாரம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்கண்ணே." கையெல்லாம் கிரீஸ். துடைக்கக் கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அந்தக் காபி எஸ்டேட்டின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கேக்கறவங்க ஊட்டுல எல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று பதில் கேள்வி போடுவார். எங்கள் சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். இருவரும் ஒரே சமயத்தில் கற்கத் தொடங்கியவர்கள். நான் சோம்பேறி, அவர் பிடிவாதக்காரர்.

எங்கள் சண்டையெல்லாம் செவன்த் கார்டு பற்றித்தான். கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. சாதாரண கார்டில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என மூன்று சுரங்கள். அதோடு ஏழாவது சுரம் ஒன்றும் சேர்ந்தால் செவன்த். அது ஒலித்ததும், பாட்டு இங்கேயே நிற்காது, இன்னும் எங்கோ போகவேண்டும் என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும். பி செவனுக்கு நான்கு விரல்களும் வேண்டும். நான் அதைச் சௌகரியமாக மறந்துவிட்டு எளிதான ஒன்றைத் தட்டிவிடுவேன். அக்கா பாட்டின் நடுவிலேயே முறைப்பார். "உப்பில்லாத கஞ்சியை ஊத்தறியே தம்பி" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் குப்பனூர் சாலையில் ஒரு வளைவில் அவருடைய ஸ்கூட்டர் வழுக்கி, தந்திகளை அழுத்தும் இடது கை ஹேண்டிலுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. ஸ்கூட்டரை நான்தான் சரிசெய்தேன். ஒரே நாளில் ஹேண்டிலை நிமிர்த்திவிட்டேன். அக்காவின் மோதிர விரலும் சுண்டு விரலும் தையல் பிரித்த பிறகும் மடங்கவே இல்லை.

பலரும் அத்தோடு விட்டிருப்பார்கள். அக்கா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "ரெண்டு விரல் இருக்குதில்ல? அதுல எத்தனை செவன்த் வருதுன்னு பார்க்கலாம், வா" என்றார். நானும் என் இரண்டு விரல்களை மடக்கி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டேன். அப்படித்தான் அதுவரை சட்டையே செய்யாத ஒன்று எங்களுக்குப் புரிந்தது. ஒரே கார்டைப் பல விதமாகப் பிடிக்கலாம். எல்லாத் தந்தியையும் மீட்டத் தேவையில்லை. ஜி செவனுக்கு மெல்லிய நாலு தந்தியை மட்டும் மீட்டினால் ஒரே விரல் போதும். டி செவனில் மூன்றாவது தந்தியை மீட்டாமல் விட்டுவிடலாம். பி செவன்தான் நாள் கணக்கில் எங்களை அலைக்கழித்தது. கடைசியில் ஒரு ஞாயிறு மாலை, நாலாவது தந்தியில் முதல் கட்டத்தை ஆள்காட்டி விரலாலும், மூன்றாவது தந்தியில் இரண்டாவது கட்டத்தை நடுவிரலாலும் அழுத்தி, இரண்டாவது தந்தியை அழுத்தாமல் விட்டு, அந்த மூன்றை மட்டும் அக்கா மீட்டினார். பி செவனேதான். "அஞ்சாவது சுரத்தைக் காணோம்னு எந்தக் காதும் தேடாது தம்பி. ஏழாவதை விட்டாத்தான் எல்லாம் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். விபத்துக்குப் பின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் மீண்டும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கென்று தனி மைக் வைத்திருந்தார்கள். ஒரு இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் சபைச் செயலாளர் வந்து, "நொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரை அப்படியே போயிற்று. ஸ்பீக்கர்கள் ஜனங்கள் பக்கம் திரும்பியிருந்ததால் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அன்று பாட்டுக்கு முன் அக்கா முதல் முறையாக மைக்கைத் தட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. வயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, தொழில் புத்தியில் நான் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அதன் முனை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. மைக்செட்காரர் நெளிந்தார். "கிறிஸ்துமஸ்லருந்தே அப்படித்தானுங்க. செயலாளர் ஐயாதான் மாட்ட வேண்டாம்னாருங்க. அக்கா மனசு நோகக் கூடாதுல்லீங்க, அதனால மைக் மட்டும் முன்னால இருக்கட்டும்னு சொன்னாருங்க."

திரும்பி வந்த என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விளங்கிவிட்டது. என் மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். "வேண்டாம் தம்பி. உன்னோட மைக்குல ஒளிஞ்சு வாசிக்கறதுக்கா இத்தனை நாள் பழகினேன்?" என்று தடுத்துவிட்டு, கடைசிப் பாட்டு வரை வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறைக்குப் போனோம்.

"ஏனுங்க, நான் வாசிக்கறதை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"கேக்கணுங்களாக்கா? கையைப் பார்த்தாலே தெரியுதுங்களே. நாலு பேரு சிரிச்சுடக் கூடாதுன்னு உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சோம்" என்றார் செயலாளர்.

"இப்ப வாசிக்கறேனுங்க. ஒரே ஒரு பாட்டு."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே சேலத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு இருந்ததாம். "இன்னொரு நாள் பார்க்கலாங்கக்கா" என்றார். அந்த இன்னொரு நாளைக் கமிட்டி எந்தக் காலண்டரில் வைத்திருந்ததோ தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அக்கா கிட்டார் இல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் அக்கா திருப்பிக் கொடுத்திருப்பார். இரக்கம் என்று சொல்லிக்கொண்டு செய்ததற்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

அடக்க ஆராதனையில் அதே செயலாளர் பேசினார். "விபத்துக்குப் பிறகும் நமது அருமை அக்கா மீட்டிய இசையைக் கேட்டு இந்தச் சபை எத்தனையோ முறை உருகியிருக்கிறது" என்றார். பலர் தலையாட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேன் என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன். ஐயா, நீங்கள் கேட்கவில்லை. உங்களில் ஒருவர் கூடக் கேட்கவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்க வரிசையில் போனேன். யாரோ அக்காவின் வலது கையை இடது கையின் மேல் வைத்து, அந்த இரண்டு விரல்கள் தெரியாதபடி மறைத்திருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான் செய்திருப்பார்கள். நான் குனிந்து இடது கையை எடுத்து மேலே வைத்தேன். பின்னால் நின்ற ஒருவர், "அப்படியே இருக்கட்டுங்களே" என்றார். நான் என் கையை விலக்கவில்லை, மூடியைக் கொண்டுவரும் வரை அங்கேயே நின்றேன்.

அக்கா, போய் வாருங்கள். பி செவன் சரியாகத்தான் ஒலித்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவன் சொல்கிறேன்.