சிவப்பு வார் வைத்த நீலப் பை

அக்காவின் பழைய லேப்டாப்பில் அந்த முதுகுப்பை இன்னும் இருக்கிறது. கட்டங்களை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு அது. வெட்டியெடுத்த கல்லையும் மரத்தையும் சுமக்க ஆளுக்கொரு பை வைத்திருந்தோம். முதலில் வெறும் தோல் பை. இரும்பு சேர்த்தால் பெரிதாகும், தங்கம் சேர்த்தால் இன்னும் பெரிதாகும், வைரம் சேர்த்தால் ஒரு வீட்டுச் சாமானையே உள்ளே போட்டுக்கொண்டு நடக்கலாம். அக்காவுடையது நீல நிற இரும்புப் பை. தோண்டப் பொறுமையில்லாத எனக்குக் கடைசிவரை தோல் பைதான்.

லேக் மார்க்கெட்டில் நாங்கள் குடியிருந்தபோது, பூஜை விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் மூன்று லேப்டாப்புகள் இருக்கும். மூன்றாவது, கீழ்வீட்டு வங்காளிப் பெண்ணுடையது. விளையாட்டில் அவள் கைபட்டதெல்லாம் சிவப்பாகிவிடும். கதவு, கூரை, படுக்கை எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம். என் அக்காவை அவள் "தீதி", அதாவது அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையைத் தரையில் இறக்கி வைத்தால் யாரும் திறக்கலாம். அவள் வந்தால் அக்கா பையை இறக்கி வைப்பாள். நான் போனால் கழற்றவே மாட்டாள். "நீ எல்லாத்தையும் கலைச்சுடுவே. இந்தா ரொட்டி, சாப்பிட மறந்துட்டு மறுபடியும் செத்துப் போகாதே" என்று தூக்கிப் போடுவாள். விளையாட்டில் பட்டினியால் சாவது நான் ஒருத்திதான்.

ஒருநாள் விளையாட்டில் அக்கா மலையுச்சியிலிருந்து விழுந்து செத்தாள். செத்தவர் தன் படுக்கையில் மறுபடி எழுவார். பை மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அக்கா ஓடி வருவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"பை எங்கடீ?"

"நான் வரும்போதே இல்லைக்கா. அவதான் இங்க நின்னுட்டு இருந்தா."

கீழ்வீட்டுப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஆமி நியினி, தீதி" என்றாள். நான் எடுக்கவில்லை என்று அவள் மொழியில் இரண்டு முறை சொன்னாள். அக்கா லேப்டாப்பை மூடினாள். லட்சுமி பூஜை முடிந்தும் அந்தப் பெண் மாடிக்கு வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த நாட்கள் இனித்தன. பையை என் படுக்கைக்கு அடியில் மூன்று கல் ஆழத்தில் புதைத்தேன். திறந்து பார்க்கக்கூட இல்லை. எனக்கு வேண்டியிருந்தது பை அல்லவே.

விடுமுறை முடிவதற்குள் அவள் திரும்பி வந்தாள். இருவரும் பழையபடி சிரித்துக்கொண்டார்கள், அக்கா புதுப் பை செய்துகொண்டாள். திருடி என்று நினைத்தவளையே மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. பிறகு அக்கா புனேவுக்குப் படிக்கப் போனாள், லேப்டாப் என்னிடம் வந்தது. நான் விளையாடவில்லை.

இப்போது அதே ஊரில், டாலிகஞ்சில் தனியாக இருக்கிறேன். அக்கா வெளிநாட்டில். போன வாரம், பழைய சாமான்காரனிடம் போடுவதற்கு முன் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அந்த உலகம் அப்படியே இருந்தது. என் படுக்கையை நகர்த்தி மூன்று கல்லை வெட்டினேன்.

நான் புதைத்தது இரும்புப் பை. அங்கே இருந்தது வைரப் பை. அத்தனை வைரத்துக்குப் பல நாள் பாதாளத்தில் தோண்டியிருக்க வேண்டும். உள்ளே நிறைய ரொட்டி. பசித்தால் பையே ஊட்டிவிடும் வசதியையும் பொருத்தியிருந்தார்கள். நான் சாகக்கூடாது என்று.

பொருத்தியிருந்தார்கள் என்று பன்மையில்தான் எழுத வேண்டும். பை நீலம்தான், ஆனால் தோள்வார் இரண்டும் சிவப்பு.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, கீழ்வீட்டுப் பெண்ணுக்கும். நான் என்றாவது தோண்டுவேன் என்று இருவரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. என்னை மன்னிப்பதைக்கூட அவர்கள் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள்.

பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். சிவப்பு வாருக்கு வேறு சாயம் பூச ஒரு நொடி போதும். அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூசவில்லை.