மாமா எங்கள் வீட்டில் இருந்த குளிர்காலம்

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆகாது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. டெக்சாஸில் படித்து அங்கேயே வேலையில் இருந்தார். ஒரு கிறிஸ்மஸுக்கு, அமெரிக்காவின் வேறொரு மூலையில் பிஸ்கட்டவேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் அப்பா நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, "அத்தான், பிரியாணி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு டெக்சாஸிலிருந்து போன் வந்தால் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ரிசீவரை அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

அதனால்தான், அந்த நவம்பரில் அப்பாவே விமான நிலையத்துக்கு காரோட்டிப் போய் மாமாவை அழைத்து வந்தது எனக்கு விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தோளைப் பிடித்தபடி வாசலில் நின்ற ஆளை அடையாளமே தெரியவில்லை. பெரிய கோட்டு ஒன்று தானாக நடந்து வந்ததுபோல் இருந்தது. அம்மா இரண்டடி முன்னே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் என் தம்பி இருந்தான்.

மாமாவுக்கு வந்திருந்தது எய்ட்ஸ். டிவி செய்தியில் அந்தப் பெயர் வந்தாலே அம்மா எழுந்துபோய் அணைத்துவிடுகிற காலம் அது. கார் விபத்தில் அடிபட்டபோது ஏற்றிய ரத்தத்தால் வந்தது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நம்பியவர்கள் குறைவு. எப்படி வந்தது என்று மாமாவிடம் ஒருமுறைகூடக் கேட்காதவர் அப்பா ஒருவர்தான்.

என் அறையை மாமாவுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள நர்ஸ் யாரும் கிடைக்கவில்லை. அப்பா ஒரு மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, சாதாரண ஆளாக இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் வந்து கொஞ்சம் தூங்கிவிட்டு, பிறகு பகல் முழுவதும் மாமாவோடு இருப்பார். தொட்டால் ஒட்டாது என்று அவர் அம்மாவுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். அம்மா தலையாட்டுவாள். ஆனாலும் மாமாவுக்குக் காகிதத் தட்டில்தான் சாதம் போடுவாள். அறை வாசலில் நின்றுதான் பேசுவாள்.

"நல்லா சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன்கா. நீ உள்ள வராத. பிள்ளைங்க இருக்காங்க."

மாமாவே அப்படிச் சொல்லிவிடுவதால் அவள் சிரமம் இல்லாமல் திரும்பிப் போய்விடலாம். ஆனால் திரும்பியதும் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும்.

பள்ளி மூடியிருந்த ஒரு பனி நாளில், அறைக்கதவு திறந்து கிடந்தபோது பார்த்தேன். மாமா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அப்பா தரையில் மண்டியிட்டு, தம்பியைக் குளிப்பாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியில் மாமாவின் கால்களை வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். கால் முழுக்கக் கருநீலமாகப் புண்கள்.

"விடுங்க அத்தான். நீங்க போய் இதெல்லாம் செஞ்சுக்கிட்டு."

"காலை நீட்டு."

மாமா காலை நீட்டிவிட்டுக் கேட்டார். "இப்பவும் நீளமாத்தான் ஜெபம் பண்றீங்களா?"

"இப்ப எங்க நேரம்? சோப்பு போடறப்பவே முடிச்சிடறேன்."

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போனது. அப்பா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதுவரை சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டில்தான் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். எடிசனிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வரும். வாசலில் செருப்புகளும் பனிக்கால பூட்சுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மாமா வந்த பிறகு சனிக்கிழமை மதியமானால் போன் மணி அடித்தது. "பிள்ளைக்கு கோல்டு, இந்த வாரம் வரல" என்றார் ஓர் ஆன்ட்டி. அந்தக் குளிர்காலத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை தவறாமல் சளி பிடித்தது. டிசம்பரில் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். என் பிறந்தநாளுக்கு அம்மா பெரிய கேக் வாங்கினாள். யாரும் வரவில்லை. மீதியைப் பல நாட்கள் நாங்களே தின்றோம்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு மத்தியானம் மாமா இறந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா மாமாவுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போல் வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் கை நிலைக்கட்டையைப் பிடித்திருந்தது. "உள்ள வாயேன்" என்றார் அப்பா. அவளால் முடியவில்லை. அப்படியே சரிந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரே காரில் அடங்கிவிட்டார்கள். கல்லறையிலிருந்து திரும்பியபின் அம்மா அந்த அறைக்குள் போய், உறை உருவிய மெத்தையின்மேல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த லெந்தின் கடைசி வாரத்தில், பெரிய வியாழன் ஆராதனைக்கு நாங்கள் போனோம். அமெரிக்கர்களின் சர்ச் ஒன்றை வாடகைக்கு எடுத்து நம் ஆட்கள் நடத்தும் தமிழ் ஆராதனை. காரை நிறுத்தியதுமே கமிட்டியில் இருந்த ஓர் அங்கிள் வந்து அப்பாவின் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. திருவிருந்துக்கு நமக்கு இருக்கறது ஒரே பாத்திரம், எல்லாரும் அதுலதான் குடிக்கணும். ஜனங்க கொஞ்சம் ஃபீல் பண்றாங்க. நீங்க கடைசியா வந்து வாங்கிக்கிட்டா நல்லாயிருக்கும். அக்காவுக்கு ப்ராப்ளம் இல்ல, அவங்க அவரைத் தொடலன்னு எல்லாருக்கும் தெரியும், லேடீஸோட வந்துடலாம்."

அப்பா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி "சரி" என்றார். பின்சீட்டில் இருந்த நான், யாராவது ஒருவர் கடைசியாகப் போகத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பமும் திராட்சரசமும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் இருந்த மரத் தடுப்பில் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பெண்கள் எழுந்தபோது ஓர் ஆன்ட்டி அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அம்மா மடியில் இருந்த தம்பியைக் காட்டித் தலையசைத்துவிட்டாள். எல்லோரும் வந்து உட்கார்ந்தபின் அப்பா எழுந்தார். அவ்வளவு நீளமான தடுப்பின் முன்னால் அவர் மட்டும் முழங்காலிட்டிருந்தார். 

அம்மா தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு எழுந்து போனாள். அப்பாவுக்கு இந்தப் பக்கம் நிறைய இடம் இருந்தும், அவரைச் சுற்றிக்கொண்டு, பாத்திரம் அவருக்குப் பிறகு வந்துசேரும் அந்தப் பக்கம் போய் முழங்காலிட்டாள். போதகர் அப்பாவுக்குப் பாத்திரத்தைக் கொடுத்தார். பிறகு, அதைத் துடைக்க வெள்ளைத் துணியை எடுத்தார். அம்மா அதற்குள் இரண்டு கைகளாலும் பாத்திரத்தைப் பிடித்துக் குடித்துவிட்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது. எனக்கு ஒரே எரிச்சல். பசி, தம்பியின் பாரத்தில் கால் வேறு மரத்துப்போயிருந்தது. அம்மா அன்று பெண்களோடு போகாததற்கு, தம்பி மடியில் தூங்கிவிட்டதுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.