தயிர் டப்பாவில் பூத்த நீலம்

ஒரகடத்தில் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியில், சந்தேகமான பாகத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்பார்கள். சோதித்து முடிக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் குவாலிட்டி செக்‌ஷன். வீட்டுக்கும் அதே புத்தியோடுதான் வருவார். குழம்பைக்கூட வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்.

போன மார்கழியில் ஒரு தயிர் டப்பாவோடு வந்தார். உள்ளே மூன்று மூன்று இலையாக ஒரு செடி. கூட வேலை செய்யும் கோத்தகிரிப் பெண், ஊருக்குப் போன இடத்தில் மலைப் புல்வெளியிலிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாளாம். இவருக்குச் செடி என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தானாம். எனக்கு வயிறு எரிந்தது.

"புளியாரைதானே? நம்ம வூட்டு மோட்டார்கிட்ட இல்லாததா?" என்றேன்.

ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். "புளிக்கலயே. இது க்ளோவர்னு, மாட்டுத் தீவனப் புல்லு ஜாதிமே. வெள்ளையா பூத்தா வெள்ளைக்காரன் கொண்டாந்தது. நீலமா பூத்தா நம்ம மலையோட சொந்தச் செடி. பூ பாக்காம ஓகே பண்ண முடியாது." டப்பா மேல் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார்.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்திக்கொள்வார். போனில் அவளோடு பேச்சு. "தண்டுல முடி கீதான்னு பாத்துகினு இருக்கேம்மா" என்று குழைவு வேறு. ஒரு செடியின் தண்டில் முடி தேடுகிற மனுஷன், சோறு போடுகிறவள் முகத்தை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? தண்ணீர் ஊற்றுகிற வேலை மட்டும் என் தலையில். காய்ந்து தொலையட்டும் என்று திட்டிக்கொண்டே ஊற்றினேன். சனியன், மொட்டு விட்டது.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு பார்த்தால் பூத்திருந்தது. பட்டாணிப் பூ மாதிரி, நல்ல நீலம். பொய் சொல்லக் கூடாது, அழகுதான். முதலில் பார்த்தது நான், அவள் இல்லை! தலை வாரி, பொட்டு வைத்து, டப்பாவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தேன். அவருடைய டீ பிரேக் பார்த்து அனுப்பினேன். இன்றைக்காவது பார்க்கட்டும் என்றுதான்.

உடனே பதில் வந்தது. "சூப்பர்! நீலம்! நீ கொஞ்சம் நவுரு, இலை மறையுது."

நகர்ந்தேன். செடியை மட்டும் எடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர் நம்பர். அவராக்கும் என்று எடுத்தால், பேசியது கோத்தகிரிக்காரி.

"அக்கா, அண்ணன் போட்டோ காட்டுனாங்க. பூவை விடுங்க. ஏங்க்கா முகமெல்லாம் இப்படி வாடிக் கெடக்கு? அழுதீங்களா?"

கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை. போயும் போயும் இவளா கேட்க வேண்டும்! ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், "ஆமாம்மா" என்று வந்துவிட்டது.