ஆள் உட்கார்ந்த அளவு

என் மனைவி தையல்காரி. இருபத்தாறு வருடம் ஊரார் துணியைத் தைத்தவள், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அதன் ஸ்டியரிங் இருக்கிறதே, தும்மினால்கூடத் திரும்பிவிடும். நேர்ச்சாலையிலேயே அவள் அதோடு மல்லுக்கட்டுவாள்.

போன மாதம் பாலத்தின் மேல் ஒரு சின்னப் பள்ளம். வண்டி சட்டென்று லாரிப் பக்கம் பாய்ந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் கத்தினேன்.

"இனிமே செத்தாலும் இதுல ஏற மாட்டேன்!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "பத்து நாள் குடுங்க. சரி பண்ணலேன்னா பழைய இரும்புக்காரருக்கு நானே போட்டுடறேன்."

நான் அவளுக்குத் தெரியாமல் அன்றே இரும்புக்காரருக்குப் போன் பண்ணிவிட்டேன். பத்தாம் நாள் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். பயம்தான், வேறென்ன? அந்த வண்டி அவளைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம்.

டயர் மாற்றினாள். தேய்ந்த ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினாள். மூன்று பட்டறையில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்த்தாள். மூன்றிலும் அளவு கச்சிதம் என்றார்கள். வண்டியோ ஆடிக்கொண்டேயிருந்தது. "விட்டுத்தொலையேன்" என்றால் முறைப்பாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

பத்தாம் நாள் மதியம், வாடிக்கைக்காரர் ஒருவர் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். பொம்மை மேல் அம்சமாக இருந்த கோட்டு, அவர் போட்டதும் முதுகில் பிடித்தது. கையில் குண்டூசியோடு இவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"தனியா ஓட்டும்போது இவ்வளவு ஆடலங்க. நீங்க கூட உக்காந்தாதான் ரொம்ப ஆடுது."

"ஓகோ! இப்ப என் தொப்பைதான் காரணமா?"

"எல்லாரும் காலி வண்டியைத்தான் அளந்தாங்க. வந்து உக்காருங்க. ஓட்ட மாட்டேன், சத்தியம்."

"எனக்குப் பதிலா துணிக்கட்டு வையேன்."

"அதை எனக்குப் பதிலா வைக்கப்போறேன். உங்க எடைக்குக் கடையில துணி இல்ல."

என்ன செய்வது, ஏறினேன். பக்கத்தில் துணிக்கட்டுகளை அடுக்கினாள். எடை அமர, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி உருட்டினாள். பிறகு சாக்பீஸும் இஞ்ச் டேப்புமாகத் தரையில் படுத்தாள்.

"முன்னாடி விரியுதுங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள். ஆள் ஏறி வண்டி தாழ்ந்ததும், முன்சக்கரங்கள் இரண்டும் வாத்துக்கால் மாதிரி வெளியே திரும்பியிருந்தன.

சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராடைத் திருகுவாள், உருட்டுவாள், அளப்பாள். மறுபடியும் திருகுவாள். மூன்று மணி நேரம் என்னை அசையவிடவில்லை. காபி கேட்டதற்கு, "எடை ஏறிடும்" என்றாள்.

மூன்றரைக்குக் கட்டுகளை இறக்கினாள். கையெல்லாம் கிரீஸ்.

"இறங்கிக்கங்க. ஓட்டிப் பாக்கணும்."

"என்னை வச்சு அளந்துட்டு நான் இல்லாம ஓட்டுனா எப்படித் தெரியும்? ஏறு."

பாலம் வந்தது. பள்ளமும் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் நேராகப் போய்க்கொண்டிருந்தோம். அவள் இரண்டே விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் இரும்புக்காரரின் லாரி நின்றது. அவள் பிரேக்கை அழுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்களா கூப்பிட்டீங்க?"

"நான்தான். பயந்துட்டேன்மா." கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்து, "தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்கங்க. வண்டி இல்ல" என்றேன். பிறகு இவளிடம் திரும்பினேன்.

"நிறுத்தாத. இன்னொரு சுத்து போ."