மூன்று பூட்டும் ஒரு மணியும்

லிஃப்டுக்காரர் வண்டியைப் பூட்டுவதைப் பார்த்தால் ஏதோ கஜானாவுக்குக் காவல் போடுகிறார் என்றுதான் தோன்றும். முதலில் ஹேண்டிலை இடது பக்கம் முறுக்கி ஒரு லாக். அப்புறம் குனிந்து முன்சக்கரத்தில் ஒரு பூட்டு. அப்புறம் கட்டைவிரல் கனத்தில் ஒரு சங்கிலி. அதைப் பின்சக்கரத்துக்குள் விட்டு, கீழ்வீட்டு நர்ஸம்மாவின் ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கொரு பூட்டு. மூன்று சாவியும் ஒரே வளையத்தில், வளையம் சட்டைப் பையில். மாடிப்படி பாதி ஏறியவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்த பிறகும் ஒரு தடவை எழுந்து பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை என்றால் அன்றைக்கு மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பீங்களா?" என்பார் அவர் மனைவி.

"உன்னை யாரும் தள்ளிக்கிட்டுப் போக மாட்டாங்க," என்பார் இவர்.

தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். இரண்டு வண்டியைப் பறிகொடுத்தவனின் வயிற்றெரிச்சல் சிரிக்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவருடைய வேலை அப்படிப்பட்டது. எந்தக் கட்டடத்தில் யார் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் கம்பெனியிலிருந்து இவருக்குப் போன் வரும். போன் வந்த அரை மணிக்குள் அங்கே நிற்க வேண்டும், அதற்குச் சொந்த வண்டி வைத்திருக்க வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிவிட்டார்கள். போனதும் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். உள்ளே ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் அடங்கிப்போவார்கள். பதினெட்டு வருடமாக இதே வேலை. எத்தனை பேரை வெளியே எடுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

முதல் வண்டி அப்படி ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் வாசலில் போனது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கணவனும் மனைவியும். மாட்டிக்கொண்ட இடத்திலும் சண்டையை விடாதவர்கள். அவர்களை வெளியே எடுத்து, சமாதானமும் செய்துவைத்துவிட்டுக் கீழே வந்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இரண்டாவது வண்டி வீட்டிலேயே போனது. அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டிலிருந்து மாடிப்படி வரைக்கும் மூன்றரை அடி அகலத்தில் ஒரு சந்து. மூன்று குடும்பத்து வண்டிகளும் அதில்தான் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். கோடியில் கீழ்வீட்டுப் பின்பக்கத்துத் தையல்காரரின் வண்டி. அதன்மேல் சாய்த்து இவர் மனைவியின் சைக்கிள். நடுவில் நர்ஸம்மாவின் ஸ்கூட்டர். எந்த நேரமும் அழைப்பு வரும் என்பதால் கேட்டை ஒட்டிய முதல் இடத்தை இவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமானால் முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும். அதனால் அந்த வீட்டில் யாரும் ஹேண்டில் லாக் போடக் கூடாது. இது எழுதப்படாத சட்டம், ஆனால் பத்து வருடமாக யாரும் மீறாத சட்டம். திருடனும் அந்தச் சட்டத்தை மதித்தான் போலிருக்கிறது. ஒரு நாள் நடு மத்தியானத்தில் வந்து, பூட்டாத வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் பஸ். ஒரு தடவை பஸ் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். லிஃப்டுக்குள் ஒரு பெரியவர் மயங்கிக் கிடந்தார். நல்லவேளை, தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தார். ஆனால் கம்பெனி மேலாளர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. "வண்டி இருந்தா வேலை. வண்டி இல்லைன்னா கிளம்பிக்கிட்டே இருங்க. இதுக்கு மேல சொல்ல மாட்டேன்," என்றார்.

ஐம்பது வயதில் லிஃப்டைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் எங்கே போய் நிற்பார்? கடைசியில் மனைவியின் அண்ணன்தான் மனம் இறங்கித் தன்னுடைய பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாப்ள, இது மூணாவது. இதையும் தொலைச்சுட்டு வந்து நின்னீங்கன்னா என் தங்கச்சி முகத்துக்காகக்கூட நான் பார்க்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"உயிரைக் கொடுத்தாவது காப்பாத்துறேன் மச்சான்," என்றார் இவர். அப்படிச் சொன்னவர் மறுநாளே மூன்று பூட்டையும் மாட்டினார்.

வீட்டில் பூகம்பம். ஜன்னலில் சங்கிலி கிடந்து உரசுவதால் நைட் டியூட்டி முடித்துவந்து பகலில் தூங்க முடியவில்லை என்றார் நர்ஸம்மா. "கடைக்குப் போறதுக்கு உங்ககிட்ட பாஸ் வாங்கணுமா?" என்றார் தையல்காரர். இவர் எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். மனைவியின் சைக்கிள் மணியைக் கழற்றிக் கேட்டின் உட்பக்கம் பொருத்தினார். வண்டி எடுக்க வேண்டியவர்கள் மூன்று தடவை மணி அடித்தால் போதும். சாப்பாட்டில் இருந்தாலும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்து திறந்துவிடுவார். திறந்து, தன் வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, அவர்கள் எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் ஹேண்டிலைப் பிடித்தபடி நிற்பார்.

சொன்னபடி ஓடினார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. முழங்கால் போயிற்று. போகட்டும், வண்டி இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் வம்பு வந்தது. தையல்காரரின் மைத்துனர் வந்து மணி அடித்தார். புது முகம். விடுவாரா இவர்? நீ யார், எந்த ஊர், அக்கா பேர் என்ன என்று சந்திலேயே நிறுத்தி விசாரித்து, போதாததற்குத் தையல்காரருக்குப் போன் போட்டும் கேட்டார். விருந்தாளியாக வந்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தையல்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். "ஊருல இருக்கறவன் எல்லாம் உங்க ஓட்டை வண்டியைத் திருடத்தான் பொறந்திருக்கானா? என் வீட்டு ஆளுங்க என்ன திருடங்களா?" அதற்கப்புறம் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. இவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் செத்தாலும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. மூன்று தடவை மணி அடித்தது. வெயில் தாழாத நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. இறங்கி வந்தால் கேட்டருகே முப்பது வயது ஆள். வலது கையில் முழங்கை வரை கட்டு.

"தையல்கார அண்ணன் அனுப்பினாருண்ணே. கடையில துணிக்கட்டு ஏத்தணுமாம், அவர் வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னாரு." இடது கையில் ஒரு சாவியைக் காட்டினான்.

மணி அடித்தது மூன்று தடவை. அது வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். தெருவே கேட்கும்படி தினமும் ஏழு தடவை அடிக்கிற மணி அது! கையில் சாவியும் இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்று நினைத்துச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். 'என் வீட்டு ஆளுங்க என்ன திருடங்களா' என்பது காதில் கேட்டது. போனை விட்டுவிட்டுச் சாவி வளையத்தை எடுத்தார்.

சங்கிலியை அவிழ்த்தார். முன்சக்கரப் பூட்டைத் திறந்தார். சாவியைப் போட்டு ஹேண்டிலை விடுவித்தார். சாவி வளையம் அதிலேயே தொங்க, வண்டியைத் தெருவுக்குத் தள்ளி நிறுத்தினார். அந்த ஆள் சந்துக்குள் போய் ஒற்றைக் கையால் ஸ்கூட்டரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகத் திரும்பினான்.

"சைக்கிள் பெடல் உள்ள மாட்டிக்கிச்சுண்ணே. இந்தக் கையை வச்சுக்கிட்டு எடுக்க முடியல."

மாட்டிக்கொண்டது என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பதினெட்டு வருடப் பழக்கம். "நகருங்க தம்பி, நான் எடுத்துத் தரேன்," என்றார்.

"நான் உங்க வண்டியைப் பிடிச்சுக்கிறேண்ணே."

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயோ, அவர் வாயாலேயே சொன்னார்!

ஸ்கூட்டரைத் தாண்டி உள்பக்கம் போய், குனிந்து, பெடலை விடுவிக்கும்போது தெருவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். தன் வண்டிதான். அந்த இருமல் அவருக்குத் தெரியாதா? பாவம், கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு எதற்கு ஸ்டார்ட் பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். சத்தம் நகர்ந்தபோதுதான் உறைத்தது.

"டேய்! டேய்!"

ஸ்கூட்டர்மேல் ஏறித் தாண்டப் பார்த்தார். அது சாய்ந்து அவர் காலைச் சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. திறந்து கிடந்த கேட் வழியாகத் தெரு மட்டும் தெரிந்தது. சத்தம் தெருமுனையில் திரும்பி, குறைந்து, நின்றே போயிற்று. அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

மனைவி தலைமுடியை அள்ளிச் செருகியபடி இறங்கி ஓடி வந்தார். "பதறாதீங்க, பதறாதீங்க, நான் வந்துட்டேன்," என்று ஸ்கூட்டரை நிமிர்த்தினார். அந்த வார்த்தையைக் கேட்டதும் லிஃப்டுக்காரர் பெண்டாட்டியின் தோளில் சாய்ந்து பெரிதாக அழுதார். யார் பார்த்தால் என்ன?

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டவர் பேனாவை உயர்த்திக் கேட்டார். "எந்தப் பூட்டை உடைச்சான்?"

"எதையும் உடைக்கல சார்."

"பின்ன, பூட்டலையா நீங்க?"

"மூணு பூட்டு சார்."

"மூணையும் யாரு திறந்தது?"

"நான்தான் சார் திறந்துவிட்டேன்."

எழுதுகிறவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மச்சானிடம் மனைவிதான் போனில் சொன்னார். அவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் அம்மாவும் கைக்குழந்தையும் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "பஸ் பிடிச்சு வந்துடறேன் சார்," என்றார். மேலாளருக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. "வேண்டாம், வேற ஆளை அனுப்பிக்கிறேன். நாளைக்குக் காலையில கருவிப் பையைக் கொண்டாந்து ஆபீஸ்ல கொடுத்துடுங்க," என்றார்.

மறுநாள் காலை கருவிப் பையைத் துடைத்து, ஸ்பானர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டைத் துடைத்த பிறகும் மறுபடி துடைத்தார்.

கீழே மூன்று தடவை மணி அடித்தது.

என்ன ஏது என்று யோசிக்கும் முன்பே லிஃப்டுக்காரர் எழுந்து படியிறங்கிவிட்டார். கேட்டருகே வந்து நின்றபோது வலது கை சட்டைப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. மணியில் வைத்த கையை எடுக்காமல் தையல்காரர் நின்றிருந்தார். நைட் டியூட்டியிலிருந்து இன்னும் திரும்பாத நர்ஸம்மாவின் ஸ்கூட்டரும் இல்லை. சந்தின் முன்பாதி காலியாகக் கிடந்தது. ஜன்னல் கம்பியில் சங்கிலி மட்டும் தொங்கியது.

"பழக்கதோஷம்ணே. கை தானாப் போயிடுச்சு," என்றார் தையல்காரர். அவருக்கு இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாண்ணே நீங்க?"

லிஃப்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து, தையல்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காகக் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.